‘எங்கட காலத்து லெக்சர்’: விரிவுரையாளர்களின் ஏக்கமும் இணையவழி வகுப்பும்

இலங்கையின் கிழக்கில் எந்தப் பல்கலைக்கழகத்து ஓய்வறையில் போய் அரை மணிநேரம் இருந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். “எங்கட காலத்துல லெக்சர் ஹோல் நிரம்பி வழியும். இப்ப பாருங்க, ‘ஸ்லைட்ஸ அனுப்புங்க சேர்’ எண்டு மெசேஜ் போடுதுகள். வகுப்புக்கு வாறது பாதிப் புள்ளயள்தான்.” பக்கத்தில் இருப்பவர் ஆமோதிப்பார். அங்கிருந்து பேச்சு கொவிட் காலத்துச் சூம் வகுப்புகளுக்குப் போகும். பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டங்களைப் பார்த்து இரண்டு மணிநேரம் பேசிய கதை வரும். “இதெல்லாம் ஒரு படிப்பா?” என்ற கேள்வியோடு தேநீர் முடியும்.

கேட்பதற்கு வெறும் அலுப்புப் பேச்சுத்தான். ஆனால் எந்த வகுப்பு மண்டபத்தில் நடக்கும், எது போனில் நடக்கும், விரிவுரையைப் பதிவு செய்து கொடுப்பதா இல்லையா, வரவை எப்படிக் கணக்கெடுப்பது என்றெல்லாம் தீர்மானிக்கும் பீடச் சபைகளில் உட்காருபவர்களும் இவர்கள்தான். அவர்களுடைய ஏக்கம் கடைசியில் பிள்ளைகளின் நேர அட்டவணையாக வந்து நிற்கிறது. அதனால் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையின் போனுக்கு மாதாமாதம் ரீலோட் போட்டுக் கொடுக்கும் பெற்றோருக்கும் இந்த விசயம் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

ஏக்கம் எதைத் தேடுகிறது

நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவில் நிற்பவற்றைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் அதிகமாக வரும். உளவியலாளர்கள் பல தடவை கண்ட விசயம் இது. வீட்டை விட்டுப் போய்த் தங்கிய முதல் அறை, முதல் காதல், முதல் சம்பளம் எல்லாம் அந்த வயதுக்குள்தான் நடக்கின்றன. பல்கலைக்கழக நாட்கள் அதன் நட்டநடுவில் விழுகின்றன. ஆகவே ஒரு பேராசிரியர் தான் படித்த மண்டபத்தை நினைக்கும்போது அங்கே கேட்ட விரிவுரையை மட்டும் நினைப்பதில்லை. 22 வயதில் இருந்த தன்னையும் சேர்த்தே நினைக்கிறார். சூம் வகுப்பு எவ்வளவு திறமாக நடந்தாலும் அந்த 22 வயதைத் திருப்பித் தராது. அதற்காகச் சூமைக் குறை சொல்லியும் பயனில்லை.

நினைவு இன்னொரு வேலையும் செய்யும். கசப்பைக் கழித்துவிடும். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 ஆகஸ்டில் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 அக்டோபரில் பல்கலைக்கழகமானது. அடுத்த இருபது வருடங்களுக்கு மேல் யுத்தத்துக்குள்ளேயே போயின. 1990 இல் அந்த வளாகமே அகதி முகாமாக இருந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பி வரவேயில்லை. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் பல்கலைக்கழகமானது. யுத்தத்தால் மற்றப் பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடர முடியாமல் போன மாணவர்களின் நிலைதான் அது பிறந்ததற்கு ஒரு முக்கிய காரணம். 90களில் படித்தவர்களிடம் கேட்டால், சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்ததையும், பரீட்சை எப்போது வரும் என்று தெரியாமல் இழுபட்டதையும், நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை முறைவைத்து வாங்கிக் கையால் பார்த்தெழுதியதையும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, “ஆனா அந்தக் காலம் மாதிரி வராது” என்பார்கள். பொய் சொல்லவில்லை. அந்தக் கஷ்டத்துக்குள் கிடைத்த கூட்டாளிகளும், வகுப்பு முடிந்த பிறகும் மரத்தடியில் நின்று விளக்கம் சொன்ன ஓர் ஆசிரியரும்தான் அவர்கள் மனதில் தங்கியிருக்கிறார்கள். மற்றவை உதிர்ந்துவிட்டன.

ஹார்வர்டில் இலக்கியம் கற்பித்த ஸ்வெட்லானா போய்ம், 2001 இல் ஏக்கத்தை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒரு வகை, இழந்ததை அப்படியே திரும்பக் கட்டி எழுப்ப வேண்டும் என்று நிற்கும். தான் ஏக்கப்படுவதையே அது ஒத்துக்கொள்ளாது. உண்மையையும் மரபையும் காப்பதாகச் சொல்லும். மற்ற வகை, இழந்ததை நினைத்துப் பார்த்து, “அதில் எனக்கு எது பிடித்திருந்தது?” என்று கேட்கும். திரும்பிப் போக முடியாது என்பது அதற்குத் தெரியும். பீடச் சபையில் “எல்லா வகுப்பும் பழையபடி நேரில்தான்” என்று மேசையில் தட்டிப் பேசுபவரிடம் இருப்பது முதல் வகை. எனக்குப் பயன் உள்ளதாகப் படுவது இரண்டாவது வகை. அதை வைத்துத்தான் கீழே வருவதெல்லாம்.

முதல் வகுப்புக்காரரின் சாட்சியம்

ஏக்கத்தோடு பேசுகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். விரிவுரையாளர் ஆனவர் பெரும்பாலும் தன் பெட்ச்சில் முன்வரிசையில் இருந்து முதல் வகுப்பில் சித்தியடைந்தவர். ஆசிரியர் பேசப் பேச எழுதி, அறைக்குப் போய்ப் படித்து, பரீட்சையில் கொட்டும் முறை அவருக்குப் பொருந்தியது. அதே மண்டபத்தில் கடைசி வாங்கில் இருந்து, ஆங்கிலம் விளங்காமல், மூன்று பாடம் ரிப்பீட் எழுதி, ஒருவாறு பட்டத்தோடு வெளியேறியவர் இன்று ஓய்வறையில் இல்லை. அவரிடமும் அந்த மண்டபத்தைப் பற்றி ஒரு நினைவு இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. வாரக் கடைசியில் மட்டும் வந்துபோய், மிச்சத்தைப் போட்டோக்கொப்பி நோட்ஸில் படித்த வெளிவாரி மாணவர்களின் நினைவையும் யாரும் கேட்பதில்லை.

இதற்கு எண்ணிக்கையிலும் ஆதாரம் இருக்கிறது. விஞ்ஞானம், பொறியியல், கணிதப் பாடங்களைப் பற்றி நடந்த 225 ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 2014 இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆசிரியர் பேச, மாணவர் கேட்டு எழுதும் வகுப்புகளில் 100 பேருக்கு ஏறத்தாழ 34 பேர் சித்தியடையவில்லை. மாணவர்களே கணக்குச் செய்தும், பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்தும், கேள்விக்குப் பதில் சொல்லியும் படித்த வகுப்புகளில் அது 22 ஆகக் குறைந்தது. 2019 இல் ஹார்வர்டின் பௌதிகவியல் வகுப்பில் செய்த ஒரு சோதனை இன்னும் சுவாரசியமானது. கோர்வையான விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் தாங்கள் அதிகம் படித்ததாக உணர்ந்தார்கள். பரீட்சித்துப் பார்த்தால், தாங்களே மல்லுக்கட்டிச் செய்து படித்தவர்கள்தான் அதிகம் படித்திருந்தார்கள். நல்ல பேச்சு கேட்கச் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தைப் படிப்பு என்று நினைத்துவிடுகிறோம். ஆசிரியரும் நினைக்கிறார், பிள்ளையும் நினைக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு ஆய்வுகளும் இணையத்தையும் மண்டபத்தையும் ஒப்பிட்டவை இல்லை. வகுப்பில் மூளையைப் போட்டு உழைப்பது யார், ஆசிரியரா பிள்ளையா என்பதுதான் அங்கே கேள்வி. ஓய்வறைப் பேச்சு அந்த இடத்தில்தான் சறுக்குகிறது. திரையா நேரா என்று சண்டை பிடித்துக்கொண்டு, உண்மையான கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

மண்டபம் நிரம்பி வழிந்த கதைக்கும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்ற விதி எங்கள் பல்கலைக்கழகங்களில் பரவலானது. வரவுத்தாள் சுற்றி வரும்போது வராத கூட்டாளிக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்த கைகள் எத்தனை என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, எதைத்தான் இழந்தோம்?

ஏக்கத்தைப் பாதி கழித்தாலும் மிச்சம் ஒன்று நிற்கிறது. அதை நான் லேசாக எடுக்கவில்லை.

நேர் வகுப்பில் ஆசிரியர் முகம் பார்ப்பார். ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பினால், விளங்கியதா இல்லையா என்பது நாற்பது முகங்களிலும் எழுதியிருக்கும். உடனே நிறுத்தி, வேறு உதாரணம் சொல்வார். தமிழில் ஒரு தடவை சொல்வார். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேர் பின்னால் வருவார்கள். எல்லோருக்கும் முன்னால் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி அப்போதுதான் வரும். எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேர், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், மண்டபத்துக்குள் வாய் திறக்க மாட்டார்கள்; படியில் இறங்கும்போது கேட்பார்கள். சூமில் அந்தப் படி இல்லை. ‘கூட்டத்தை விட்டு வெளியேறு’ என்ற பொத்தானை அழுத்தினால் 120 பேரும் ஒரே நொடியில் மறைந்துவிடுவார்கள். இது உண்மையான இழப்பு.

இன்னொரு மிச்சமும் உண்டு. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மேடை, கரும்பலகை, எழுந்து நிற்கும் மாணவர்கள், “சேர் வாறார்” என்றதும் அடங்கும் சத்தம். இவை கொடுத்த அதிகாரம் திரையில் இல்லை. அங்கே பேராசிரியரும் ஒரு கட்டம், முதலாம் வருடப் பிள்ளையும் அதே அளவில் ஒரு கட்டம். இணைப்பு அறுந்தால் பிள்ளையைத்தான் “மகன், சேருக்குச் சத்தம் கேக்குதா எண்டு பாருங்க” என்று கேட்க வேண்டும். இதற்காக ஏங்குவதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பிள்ளைகளின் படிப்புக்கான கவலை என்று பெயர் மாற்றிப் பீடச் சபைக்குக் கொண்டுவரக் கூடாது.

கறுப்புக் கட்டங்களுக்கு வருவோம். கமெராவை மூடி வைத்த பிள்ளைக்குப் படிப்பில் அக்கறையில்லை என்பது பொதுவான குற்றச்சாட்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு. வேலிப்பக்கம் போனால் இரண்டு கோடு. போன் ஒன்றுதான், அதில் தம்பிக்கும் மத்தியானம் வகுப்பு. பின்னால் அம்மா மா இடிக்கிறார், பூசாத சுவர் தெரிகிறது. படத்தோடு ஒரு மணிநேரம் சூமில் இருந்தால் 1 ஜிபி அளவுக்கு டேட்டா போய்விடும். குரல் மட்டும் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இந்தக் கணக்கை அந்தப் பிள்ளை மனதால் போட்டுத்தான் கமெராவை மூடுகிறது. கட்டம் கறுப்பாக இருப்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு முழுக் குடும்பத்தின் வரவு செலவு இருக்கிறது.

கொவிட் காலத்தில் நடந்தது வேறு

இணையவழிக் கற்பித்தல் என்றதும் எல்லோருக்கும் 2020 தான் ஞாபகம் வருகிறது. அந்த வருடம் மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. சில வாரங்களுக்குள் வகுப்புகள் சூமுக்குப் போயின. லேர்ன் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி ஆய்வு வலையமைப்பு அந்த வசதியைச் செய்து கொடுத்தது. அதன் வழியாக வரும் வகுப்புகளுக்கும் பல்கலைக்கழக இணையத்தளங்களுக்கும் தொலைபேசி நிறுவனங்கள் சில காலம் டேட்டா கட்டணம் அறவிடவில்லை. இது இல்லாமல் இருந்திருந்தால் மேலே சொன்ன வீட்டுப் பிள்ளை வகுப்புக்கே வந்திருக்காது. இலங்கை அந்த நேரத்தில் செய்த உருப்படியான காரியங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் நடந்தது என்ன? மண்டபத்தில் பேசவிருந்த இரண்டு மணிநேரப் பேச்சை அப்படியே கமெராவுக்கு முன்னால் பேசினார்கள். கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் 2020 மார்ச்சிலேயே இதை அவசரகாலத் தொலைக்கற்பித்தல் என்று தனியாகப் பிரித்து, இதை இணையவழிக் கல்வியோடு குழப்பாதீர்கள் என்று எழுதினார்கள். திட்டமிட்ட இணையவழிப் பாடம் ஒன்றைத் தயாரிக்க மாதக்கணக்கு வேண்டும். 2020 இல் கிடைத்தது நாட்கணக்கு. அந்த அனுபவத்தை வைத்து இணையவழிக் கல்வி சரிவராது என்று தீர்ப்புச் சொல்வது, வெள்ளத்தில் கதவுப் பலகையைப் பிடித்துத் தப்பி வந்தவரிடம் தோணிப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்பது போலத்தான்.

அப்படியானால் திட்டமிட்ட பாடம் எப்படி இருக்கும்? அதற்கு முன் இரண்டு மூன்று அடிப்படை விசயங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கூடும் வகுப்பு நேரலை. சூம் அந்த வகை. ஆசிரியர் பதிவு செய்து வைக்க, பிள்ளை தனக்கு வசதியான நேரத்தில் பார்ப்பது பதிவு வகை. பாடக் குறிப்பு, பதிவு, வினாத்தாள், ஒப்படை எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கும் மென்பொருள் கற்றல் முகாமைத்துவ முறைமை. எங்கள் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகள் மூடில் என்று சொல்வது அதைத்தான். அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியமாஸ் என்பவர் உருவாக்கி 2002 இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. நேர் வகுப்பையும் இவற்றையும் வேண்டுமென்றே கலந்து, எது எங்கே நடக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தால் அது கலப்பு முறை.

விவசாய பீடத்தில் உவர் மண் பற்றிய ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவிக் கரையோரத்து வயல்காரருக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. உப்பேறினால் நெல் சரிவராது. பழைய முறையில் இரண்டு மணிநேரம், நாற்பது ஸ்லைட். மண் எப்படி உவராகிறது, மின்கடத்துதிறனை (உப்பு கூடினால் இதுவும் கூடும்) எப்படி அளப்பது, மீற்றருக்கு 4 டெசிசீமனுக்கு மேல் போனால் அதை உவர் மண் என்று வகுப்பார்கள், திருத்தும் வழிகள் இவை. பிள்ளைகள் எழுதுவார்கள்.

கலப்பு முறையில் ஆசிரியர் அதே விசயத்தை ஸ்லைடும் குரலுமாக இரண்டு துண்டுகளாகப் பதிவு செய்கிறார், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். குரலை 64 கிலோபிட்டில் சுருக்கினால் இருபது நிமிடத்துக்கும் சேர்த்து 10 எம்பி கூட ஆகாது. வட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம், இரவில் சிக்னல் வரும்போது இறக்கி வைத்துக்கொள்ளலாம். மூடிலில் ஐந்து கேள்வி. பிழைவிட்டால் ஏன் பிழை என்று அதுவே சொல்லும். வார இறுதியில் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் தங்கள் ஊர் வயலிலிருந்து ஒரு பை மண்ணைக் கொண்டு வருகிறார்கள். வாகரையிலிருந்து ஒன்று, மண்டூரிலிருந்து ஒன்று, நிந்தவூரிலிருந்து ஒன்று. ஆய்வுகூடத்தில் ஒவ்வொருவரும் தன் மண்ணைக் கரைத்து அளக்கிறார்கள். பிறகு மண்டபத்தில் இரண்டு மணிநேரம் ஒரே சண்டை: உன்னுடையது 2, என்னுடையது 6, ஏன்? வாய்க்கால் எங்கே இருக்கிறது, வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டினார்கள், அப்பா என்ன பசளை போட்டார்? ஆசிரியர் அதிகம் பேசவில்லை. ஆனால் முகங்களை அவர் நன்றாகப் பார்த்தார். அவர் ஏங்கிய அந்த முகம் பார்க்கும் வகுப்பு, பேச்சை போனுக்கு அனுப்பியதால்தான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

என் வாதம் முழுவதும் இந்த ஓர் உதாரணத்துக்குள் இருக்கிறது. போன் செய்யக்கூடியதைப் போனிடம் விட்டால், நேரில் மட்டுமே முடிவதற்கு நேரம் மிஞ்சும்.

தூரத்திலிருந்து படிப்பது எங்களுக்குப் புதிதா?

1920 இல் ஒருவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பிஎஸ்சி பட்டத்தைப் பெற்றார். இலங்கையில் ஆசிரியராக இருந்துகொண்டே, புறநிலை மாணவராகப் பரீட்சை எழுதி வாங்கியது. பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் அவர்தான். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவர் பெயரில் கல்லடியில் இருக்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்துப் பிள்ளைகள்கூட இதை அவ்வளவாகப் பேசக் கேட்டதில்லை. தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று பாடத்திட்டத்தை அனுப்ப, இங்கே இருந்தபடி தானே படித்துப் பட்டம் பெறுவது அந்தத் தலைமுறைக்குச் சாதாரணம். 1980 இல் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. மட்டக்களப்பில் அதற்கு ஒரு பிராந்திய நிலையம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே, பிள்ளை வளர்த்துக்கொண்டே அங்கே படித்தவர்கள் எத்தனையோ பேர். மண்டபத்தில் இருந்து படித்தால்தான் படிப்பு என்பவர்கள் இவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வார்களா தெரியாது.

மறுபக்கத்துக் கட்சியையும் விடக் கூடாது. தொழில்நுட்பம் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பவர்கள் எதிர்காலத்தைப் பற்றிக் காணும் கனவும் ஏக்கம் போன்றதுதான், திசை மட்டும் வேறு. 1913 இல் எடிசன், பள்ளிக்கூடங்களில் புத்தகங்களின் காலம் சீக்கிரம் முடியும், எல்லாவற்றையும் திரைப்படம் கற்பிக்கும் என்றார். 2012 இல் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் இலவசப் பாடங்களை இணையத்தில் திறந்துவிட்டபோது, சிறிய பல்கலைக்கழகங்கள் இனித் தேவைப்படாது என்று எழுதினார்கள். சேர்ந்தவர்கள் இலட்சக்கணக்கில். பெரும்பாலான பாடங்களில் சேர்ந்த நூறு பேரில் முடித்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. பதிவு செய்த விரிவுரை மட்டும் போதாது. கேட்க ஒரு ஆள், கூடப் படிக்க நாலு பேர், முடிக்க ஒரு திகதி எல்லாம் வேண்டும்.

இனி இங்கே

எங்கள் பக்கத்துக்கு என்று சில நிலைமைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் வெள்ளம். வீதிகள் மூடும், தோணித் துறைகள் நிற்கும். 2022 இல் எரிபொருள் இல்லாமல் பஸ் நின்றபோது வகுப்புகள் திரும்பவும் இணையத்துக்குப் போயின. அதே வருடம் மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததால் இணையமும் இழுத்தது. இரண்டு வழியும் அடைபடலாம் என்பதை அந்த வருடம் காட்டியது. இறக்கி வைத்துக்கொள்ளும் சிறிய பதிவுகள், அச்சடித்த டியூட் (பாடக் குறிப்பு), பிறகு நேர் வகுப்பு என்ற ஒழுங்குதான் இரண்டு வகை அடைப்பையும் தாங்கும். பெரிய நேரலை வகுப்புகளில் பணத்தைக் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மொழி அதைவிடப் பெரிய விசயம். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, விஞ்ஞான பீடத்திலோ முகாமைத்துவ பீடத்திலோ முதல் நாளே ஆங்கில விரிவுரைக்குள் விழுகிறது. ஒலுவிலில் சிங்களப் பிள்ளைகளும் அதே நிலையில் பக்கத்தில் இருக்கிறார்கள். நேர் வகுப்பில் ஒரு சொல் விளங்காவிட்டால் அடுத்த மூன்று வசனமும் போய்விடும். பதிவை நிறுத்தலாம், பின்னால் இழுக்கலாம், மூன்று தடவை கேட்கலாம். ‘விளங்கேல்ல சேர்’ என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வாங்குப் பிள்ளைக்கு இணையம் கொடுத்த ஆகப் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். முன்வரிசையிலிருந்து வந்த ஆசிரியருக்கு இது தெரியாமல் போவதில் ஆச்சரியமில்லை.

திரைக்குப் போகவே முடியாதவையும் இருக்கின்றன. மிருதங்கத்தில் விரல் விழும் இடத்தைக் கல்லடியில் பக்கத்தில் இருந்துதான் திருத்த வேண்டும். நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் பழகுவது ஆஸ்பத்திரி வாட்டில்தான் நடக்கும். ஆய்வுகூடமும் அப்படியே.

கேட்டதை எழுதித் தரும் சட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு வீட்டில் எழுதிக் கொண்டுவரும் ஒப்படைக்குப் பழைய மதிப்பு இல்லை. இதனால் நேரில் பேசி விளக்கும் பரீட்சைகள் கூடும். அதில் பழைய ஆசிரியர்களின் பலம் திரும்ப வேலைக்கு வரும்.

கடைசியாக ஒரு பயம். ஓய்வறையில் இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. நான் நல்லபடியாகப் பதிவு செய்து மூடிலில் போட்டுவிட்டால், அடுத்த வருடம் நான் எதற்கு? பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் பலர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், வெற்றிடங்கள் கிடக்கின்றன. போனவரின் பதிவை வைத்தே பாடத்தை ஓட்டலாமே என்று ஒரு நிர்வாகத்துக்குத் தோன்றினால் தடுப்பது எது? பத்து நிமிடப் பதிவுக்குப் பின்னால் பல மணிநேர உழைப்பு இருக்கிறது. பதவி உயர்வுக்குப் பெரிதாக எண்ணப்படுவது ஆய்வுக் கட்டுரை. இந்த நிலையில் “நேர் வகுப்புத்தான் வகுப்பு” என்று ஒருவர் சொல்லும்போது அதில் பாதி ஏக்கம், பாதி தற்காப்பு. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பதிவு யாருக்குச் சொந்தம், எத்தனை வருடம் வைத்திருக்கலாம், ஆசிரியர் விலகினால் என்ன செய்வது என்று எழுத்தில் விதி இருக்கிறது. எங்கள் பீடச் சபைகளும் அந்த ஒரு பக்கத்தை முதலில் எழுதி நிறைவேற்றி, பதிவு செய்யும் நேரத்தையும் வேலைச்சுமையில் சேர்த்துக் கொடுத்தால், இன்று மறுப்பவர்களில் பலர் தாங்களாகவே மைக்கை வாங்கிக்கொண்டு இருப்பார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.